எகிப்தியச் சித்திர எழுத்துகள் மூவாயிரம் ஆண்டுகளில் உருமாறினவா?

வினவல் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பண்டைய எகிப்தின் எழுத்து முறையைப் பற்றிச் சில காலமாக வாசித்து வருகிறேன். இரண்டு ஐயங்கள் தீராமல் நிற்கின்றன. இங்கே விவரம் அறிந்தவர்கள் இருப்பதால் கேட்கிறேன்.

முதல் ஐயம் இது. பாடநூல்கள் பலவற்றில் ஒரு படம் வருகிறது. இடப்புறத்தில் அழகாக வரையப்பட்ட ஒரு பறவை, அதையடுத்து ஓர் அம்புக்குறி, பிறகு அதே பறவையின் கிறுக்கலான வடிவம், மீண்டும் அம்புக்குறி, இறுதியில் வெறும் ஒரு கீற்று. ஹைரோகிளிஃப் (சித்திர எழுத்து) ஹைராட்டிக்காக (மையில் எழுதும் விரைவெழுத்தாக) மாறியது, ஹைராட்டிக் டெமோட்டிக்காக (அதைவிடவும் சுருங்கிய கையெழுத்தாக) மாறியது என்று அதன் கீழே எழுதியிருக்கும். ஆனால் ஹைரோகிளிஃப் எழுத்தில் பொறிக்கப்பட்ட கடைசிக் கல்வெட்டு ஃபிலே கோவிலில் கி.பி. 394 ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். எழுத்து மாறிப்போயிருந்தால் அது எப்படி அத்தனை காலம் உயிரோடு இருந்தது?

இரண்டாவது ஐயம் முதலாவதோடு தொடர்புடையது. சக்காராவில் உனாஸ் மன்னரின் பிரமிடுக்குள் உள்ள எழுத்துகளின் படங்களையும் தாலமி (எகிப்தை ஆண்ட கிரேக்க வம்சம்) காலத்துக் கோவில் சுவர்களின் படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். இடையில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் இருந்தும், ஆந்தை ஆந்தையாகவே இருக்கிறது. பாம்பு பாம்பாகவே இருக்கிறது. கல்லில் வெட்டிய குறிகள் உறைந்தே போய்விட்டனவா, அல்லது என் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் ஏதேனும் உண்டா?

கல்லும்_மையும்:

வணக்கம் வினவல். உங்கள் முதல் ஐயத்துக்கு ரோசட்டா கல்லே விடை சொல்லும். கி.மு. 196 இல், ஐந்தாம் தாலமியின் காலத்தில், பூசாரிகள் இயற்றிய ஒரே ஆணை அதில் மூன்று எழுத்துகளில் உள்ளது. உடைந்தது போக எஞ்சிய மேற்பகுதியில் ஹைரோகிளிஃப் 14 வரி, நடுவில் டெமோட்டிக் 32 வரி, கீழே கிரேக்கம் 54 வரி. ஹைரோகிளிஃப் டெமோட்டிக்காக மாறி மறைந்திருந்தால் ஒரே நாளில், ஒரே கல்லில், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வழியில்லை. அந்த அம்புக்குறிப் படம் ஒரு குறியின் வம்சாவளியைக் காட்டுகிறது. ஒன்று வந்ததும் மற்றொன்று ஓய்வு பெற்றதாக அதற்குப் பொருள் இல்லை. கல்யாணப் பத்திரிகையின் அச்செழுத்தும் மளிகைச் சீட்டின் கையெழுத்தும் ஒரே வீட்டில் இருப்பதைப் போல, கோவில் சுவருக்கு ஓர் எழுத்தும் கணக்குக்கும் கடிதத்துக்கும் வேறோர் எழுத்தும் இணையாகவே வாழ்ந்தன.

இரண்டாவது ஐயம்தான் சுவையானது. கல்லில் வெட்டிய குறிகள் உறைந்துபோகவில்லை; ஆனால் மாற்றம் மொத்த உருவத்தில் நிகழாமல் நுணுக்கங்களில் நிகழ்ந்தது. அதனால்தான் படங்களை அருகருகே வைத்தாலும் உடனே தெரிவதில்லை.

தொடக்கத்திலிருந்து பார்ப்போம். அபிதோஸில் யு-ஜே என்று குறிக்கப்படும் கல்லறையிலிருந்து, குந்தர் டிரையர் தலைமையிலான ஜெர்மானிய அகழாய்வில், எலும்பிலும் தந்தத்திலும் ஆன சிறு சீட்டுகள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் கயிறு கோக்க ஒரு துளை. யானை, பறவை போன்ற உருவங்கள் ஒன்றோ இரண்டோ கீறப்பட்டிருக்கும். இவை கி.மு. 3200 ஐ ஒட்டியோ அதற்குச் சற்று முன்போ வந்தவை. இவற்றில் குறிகளுக்கு நிலையான அளவும் இல்லை, ஒரே அடித்தளக் கோடும் இல்லை. நார்மர் மன்னரின் பெயரை எழுதும் கெளிற்று மீனும் உளியும்கூட ஒவ்வொரு பொருளிலும் ஒவ்வொரு விதமாக இருக்கின்றன. முழு வாக்கியம் என்று சொல்லத்தக்கது இரண்டாம் மரபைச் (அரச வம்சத்தைச்) சேர்ந்த பெரிப்சென் மன்னரின் முத்திரையில்தான் முதன்முதலாகக் கிடைக்கிறது. மூன்றாம் மரபில், ஜோசரின் காலத்தை ஒட்டி, குறிகள் கண்ணுக்குத் தெரியாத சதுரங்களுக்குள் அடுக்கப்பட்டு இன்று நாம் அறியும் ஒழுங்குக்கு வருகின்றன. ஆக மிகப் பெரிய மாற்றம் முதல் சில நூற்றாண்டுகளிலேயே முடிந்துவிடுகிறது. நீங்கள் ஒப்பிட்ட இரண்டு படங்களும் அதற்குப் பிந்தியவை.

அதன் பின்னர் நடந்ததைப் பொருள்களின் படங்களில் பாருங்கள். எழுதுதல், எழுத்தர் ஆகிய சொற்களுக்கான குறி மூன்று பொருள்களைக் கயிற்றால் இணைத்த ஒரு கட்டு: கருப்பு மைக்கும் சிவப்பு மைக்கும் இரண்டு குழிகள் உள்ள பலகை, ஒரு சிறு பை, நாணல் எழுதுகோல்களை வைக்கும் ஒடுங்கிய குழல். சக்காராவில் ஹெசிரே என்ற அதிகாரியின் மரப்பலகைகளில் அவர் இந்தக் கட்டைத் தாங்கி நிற்பதைக் காணலாம். அது அவர் காலத்தில் உண்மையாகப் புழங்கிய கருவி. பிற்காலத்தில் மைக்குழிகளையும் எழுதுகோல் வைக்கும் பள்ளத்தையும் ஒன்றாகக் கொண்ட நீள்சதுரப் பலகை வந்ததும், தனிக் குழலுக்குத் தேவையில்லாமல் போயிற்று. ஆயினும் குறி மாறவேயில்லை. தம் கையில் புதுப் பலகையை வைத்துக்கொண்டு, அந்தப் பழைய கட்டையே எழுத்தர்கள் நூற்றாண்டுக்கணக்கில் வரைந்து வந்தார்கள்.

இதற்கு நேர்மாறாக, கோடரியைக் குறிக்கும் குறியைப் பாருங்கள். கோடரியின் அமைப்பு மாறியபோது எழுத்திலும் புதிய கோடரி இடம்பெற்றது. அதனால்தான் எகிப்திய மொழி அறிஞர் ஆலன் கார்டினரின் குறிப்பட்டியலில் பழைய கோடரிக்கும் புதிய கோடரிக்கும் தனித்தனி இடம் உண்டு. வில்லுக்கும் அப்படியே. ஒரு கருவி புதுப்பிக்கப்பட்டதும் மற்றொன்று விடப்பட்டதும் ஏன் என்பதற்கு என் கருத்தைச் சொல்கிறேன்: எழுத்தர்கள் தங்கள் தொழிலின் அடையாளத்தைத் தொட மனம் ஒப்பவில்லை, தச்சனின் கருவியில் அவர்களுக்கு அத்தகைய பற்று இல்லை.

புதிதாகச் சேர்ந்த குறிகளும் உண்டு. எகிப்தின் வடபகுதியை ஆண்ட அயலவரான ஹிக்சோஸ்களின் ஆட்சிக் காலத்தை ஒட்டிக் குதிரை எகிப்துக்கு வந்தது. 18 ஆம் மரபிலிருந்து குதிரையும் தேரும் எழுத்துகளாகவே சுவரில் ஏறின. பிரமிடு கட்டியவர்களின் எழுத்தில் குதிரையைத் தேடினால் கிடைக்காது.

நாணல்_எழுதுகோல்:

மேலே எழுதியவர் கல்லைப் பார்த்துக்கொண்டார். நான் மையின் பக்கத்தைச் சொல்கிறேன்.

ஹைராட்டிக் என்பது ஹைரோகிளிஃப் முதுமையடைந்தபின் பிறந்த எழுத்து என்று நினைப்பது பொருந்தாது. செங்கடல் கரையில் வாதி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் 2013 இல் பியர் தாலே தலைமையிலான குழு கண்டெடுத்த பாப்பிரஸ் தாள்கள் கூஃபு மன்னரின் காலத்தவை. துரா சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக் கற்களைப் படகில் கீசாவுக்கு ஏற்றிச் சென்ற மெரெர் என்ற அலுவலரின் நாட்குறிப்பு அவற்றில் இருக்கிறது. பெரிய பிரமிடு எழும்பிக்கொண்டிருந்தபோதே அன்றாட அலுவல்களுக்கு விரைவெழுத்து முழுமையாகப் புழங்கியது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

உருமாற்றம் எப்படி நிகழ்கிறது என்பதற்கு நீங்கள் குறிப்பிட்ட ஆந்தையையே எடுத்துக்கொள்வோம். கல்லில் அதன் உடல் பக்கவாட்டிலும் முகம் நம்மை நேராக நோக்கியும் இருக்கும். மற்றப் பறவைகள் முகத்தையும் பக்கவாட்டிலேயே காட்டுவதால் அதை அடையாளம் காண்பது எளிது. மையில் எழுதும் எழுத்தருக்கு முகத்தை வரைய நேரமில்லை. தலையும் மார்பும் இரண்டு வளைவுகளாகி, வாலுக்கு ஓர் இழுப்போடு, ஏறக்குறைய 3 என்ற எண்ணைப் போல அது சுருங்குகிறது. டெமோட்டிக்கில் அதுவும் கரைந்து வளைந்த ஒரு கீற்று மட்டுமே எஞ்சுகிறது. நீரலையைக் காட்டும் குறியில் மேடு பள்ளங்கள் மறைந்து ஒரு கோடே மிஞ்சுகிறது. இந்த மாற்றங்களையெல்லாம் கையெழுத்துப் படிகளின் காலவரிசைப்படி அட்டவணையாகத் தொகுத்த ஜியார்ஜ் மோலரின் மூன்று தொகுதிகள் 1909 முதல் 1912 வரை வெளிவந்தன; இன்றும் ஹைராட்டிக் கற்பவர்கள் அவற்றைப் புரட்டாமல் இருக்க முடியாது.

எழுதும் திசையும் வடிவத்தைப் பாதித்தது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய ஹைராட்டிக் பெரும்பாலும் மேலிருந்து கீழாகப் பத்திகளில் எழுதப்பட்டது. 12 ஆம் மரபின் காலத்தில் அது வலமிருந்து இடமாகச் செல்லும் கிடைவரிகளுக்கு மாறியது. வரி கிடையாக ஓடத் தொடங்கியதும் ஒரு குறியின் முடிவை அடுத்த குறியின் தொடக்கத்தோடு கையை எடுக்காமல் இழுத்துவிடும் பழக்கம் வலுத்தது. இரண்டு மூன்று குறிகள் ஒன்றாக இணைந்த வடிவங்கள் பெருகின. கி.மு. 650 ஐ ஒட்டி, 26 ஆம் மரபில் முதலாம் சம்திக்கின் ஆட்சியில், வடக்கே வளர்ந்த டெமோட்டிக் அந்தப் போக்கின் உச்சம். அதே காலத்தில் தெற்கே தீப்ஸில் வேறொரு கிறுக்கெழுத்து புழங்கி வந்தது. அமாசிஸ் மன்னரின் காலத்துக்குள் டெமோட்டிக் அதை ஒதுக்கிவிட்டது.

இனி அம்புக்குறிப் படங்கள் ஒருபோதும் காட்டாத ஒன்றைச் சொல்கிறேன். ஓட்டம் கல்லிலிருந்து தாளுக்கு மட்டும் சென்றதல்ல. தாளிலிருந்து கல்லுக்கும் திரும்பி வந்தது. ‘வ’ ஒலிக்கு உரிய குறி ஒரு காடைக் குஞ்சு. ஹைராட்டிக் எழுத்தர்கள் அதை ஒரு சிறு சுருளாகச் சுருக்கினார்கள். அந்தச் சுருளைச் சிற்பிகள் எடுத்துக்கொண்டு கல்லிலும் வெட்டத் தொடங்கினார்கள். புதிய இராச்சியக் காலத்தில் (18 முதல் 20 ஆம் மரபு வரை) காடைக் குஞ்சும் சுருளும் ஒரே சுவரில் அருகருகே நிற்பது சர்வசாதாரணம். கையெழுத்தில் பிறந்து, படமே அல்லாத ஒரு வடிவம், சித்திர எழுத்து என்று நாம் பெயரிட்ட முறைக்குள் குடியேறிவிட்டது. எனக்கு இந்த ஒரு குறி பத்து அட்டவணைகளைவிடப் பிடிக்கும்.

வினவல்:

இருவருக்கும் மிக்க நன்றி. அந்தச் சுருளை நான் பல படங்களில் பார்த்தும், அது ஏதோ கயிறு என்றே எண்ணியிருந்தேன். இதிலிருந்து எழும் அடுத்த கேள்வி: குறிகளின் வடிவத்தை மட்டும் கொண்டு ஒரு கல்வெட்டு எந்தக் காலத்தது என்று சொல்லிவிட முடியுமா?

மறுபரிசீலனை:

சில நேரங்களில் முடியும். ஆனால் அதில் இருக்கும் பொறிகளை (ஏமாற்றும் கண்ணிகளை) அறிந்தவர்களுக்கே முடியும்.

முதலில் முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டு. இறந்தவருக்கான படையல் வாசகம் ஆயிரக்கணக்கான நடுகற்களில் ஒரே தொடக்கத்தோடு வருகிறது: நாணற்செடி, படையல் பாய், கூம்பு வடிவ அப்பம் ஆகிய குறிகள் அதில் இருக்கும். மத்திய இராச்சியத்தில் (12 ஆம் மரபை உள்ளடக்கிய காலம்) பாய் முன்னும் அப்பம் பின்னுமாக எழுதுவது வழக்கம். அதற்கும் புதிய இராச்சியத்துக்கும் நடுவே வரும் இரண்டாம் இடைக்காலத்திலிருந்து அப்பம் முன்னுக்கு வந்து பாய் பின்னுக்குப் போகிறது. படிக்கும் முறை மாறவில்லை, அடுக்கு மட்டுமே மாறியது. எந்த அகழாய்வுக் குறிப்பும் இல்லாமல் அருங்காட்சியகத்தில் கிடக்கும் ஒரு நடுகல்லை அந்த மாற்றத்துக்கு முன்னோ பின்னோ வைக்க இந்த ஒரு வரி உதவுகிறது. அதேபோல 18 ஆம் மரபைத் தொடங்கிய அஹ்மோஸ் மன்னரின் பெயரில் வரும் பிறையின் வடிவம் அவருடைய ஆட்சியின் பிற்பகுதியில் மாறியது. அவர் பெயர் பொறித்த பொருள்கள் ஆட்சியின் தொடக்கத்தவையா பிற்பகுதியினவா என்பதை அறிஞர்கள் அந்தப் பிறையைக் கொண்டே பிரிக்கிறார்கள்.

பெரிய பிரமிடு தொடர்பான ஒரு சர்ச்சையிலும் குறியின் வடிவம் சாட்சி சொன்னது. மன்னர் அறைக்கு மேலுள்ள சிற்றறைகளை 1837 இல் ஆங்கிலேயரான ஹோவர்ட் வைஸ் வெடி வைத்துத் திறந்தபோது, கல்லறுப்போர் சிவப்புக் காவியில் தீட்டிய கூஃபுவின் பெயர் அங்கே இருந்தது. வைஸே அதை எழுதி வைத்தார், அதிலும் ‘க்’ ஒலிக்கு உரிய வட்டத்துக்குப் பதில் சூரியனுக்கான வட்டத்தைப் பிழையாகப் போட்டுவிட்டார் என்று 1980 வாக்கில் ஒரு குற்றச்சாட்டு கிளம்பி, இன்றும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அருகிலிருந்து எடுத்த படங்களில் அந்த வட்டத்துக்குள் குறுக்குக் கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன. சூரியக் குறிக்குள் அத்தகைய கோடுகள் வருவதில்லை; ‘க்’ ஒலிக்கான குறிக்குள் வரும். அது போதாதென்றால், அந்தக் காவி எழுத்துகள் சில இடங்களில் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் இருக்கின்றன, கற்களின் இணைப்பு இடுக்குகளுக்குள்ளும் செல்கின்றன. கல்லைச் சுவரில் வைப்பதற்கு முன்பு எழுதினால்தான் அப்படி இருக்க முடியும்.

இனிப் பொறிகளுக்கு வருவோம். எகிப்தியர்கள் தங்கள் பழமையைத் தாங்களே நகலெடுத்தவர்கள். 25, 26 ஆம் மரபுகளில், பெரிய பிரமிடுகள் எழுந்த பழைய இராச்சியத்தின் வடிவங்களை வேண்டுமென்றே மீட்டுக்கொண்டு வந்தார்கள். தீப்ஸில் இபி என்ற அதிகாரியின் கல்லறையில், தீர் எல்-கெப்ராவியில் உள்ள அதே பெயருடைய ஆறாம் மரபு ஆட்சியரின் கல்லறைக் காட்சிகள் நகலெடுக்கப்பட்டுள்ளன. இடையில் ஏறக்குறைய 1,600 ஆண்டுகள். ஷபாக்கா மன்னரின் பெயரால் அழைக்கப்படும் கல், புழு அரித்த பழைய நூல் ஒன்றிலிருந்து படியெடுத்ததாகத் தன்னைப் பற்றிச் சொல்கிறது. அதன் பழமையான சொல்நடையையும் அடுக்கையும் நம்பி அந்த நூலைப் பழைய இராச்சியத்துக்கே கொண்டுபோன அறிஞர்கள் உண்டு. இன்று பெரும்பாலோர் அதைப் பிற்கால ஆக்கமாகவே கருதுகிறார்கள். ஆகவே ஒரு கல்லில் பழைய வடிவம் இருப்பது அந்தக் கல்லின் பழமைக்குச் சான்றாகிவிடாது. புதிய வடிவம் இருந்தால் மட்டுமே உறுதியாகப் பேசலாம்: குதிரைக் குறி இருக்கும் கல்வெட்டு குதிரை வந்தபின் வெட்டப்பட்டது, அவ்வளவுதான்.

இன்னொரு பொறி, சடங்குக்காகச் செய்த சிதைப்பு. பிரமிடுகளின் உள் அறைகளில் உள்ள வாசகங்களில் மனித உருவங்கள் தலையும் கையும் மட்டுமாக நிற்பதைக் காணலாம். மீன் குறிகள் தவிர்க்கப்பட்டிருக்கும். உயிருள்ளவற்றின் உருவம் கல்லறைக்குள் எழுந்து மன்னருக்குத் தீங்கு செய்துவிடும் என்ற அச்சமே காரணம். மத்திய இராச்சியத்தின் இறுதியில் சில கல்லறைப் பொருள்களில் பறவைகள் கால்களின்றியும் பாம்புகள் வாலின்றியும் எழுதப்பட்டன. இதைப் பார்த்துக் குறி அந்தக் காலத்தில் எளிமையடைந்துவிட்டது என்று முடிவு கட்டினால் தவறிவிடுவோம். அதே ஆண்டில் வெளியே வைக்கப்பட்ட நடுகல்லில் அதே பறவைக்கு இரண்டு கால்களும் இருக்கும்.

கல்லும்_மையும்:

மறுபரிசீலனை அவர்கள் சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன்; ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். தாலமி, ரோமானியக் காலக் கோவில்களில் வடிவத்தைவிட எண்ணிக்கையில்தான் பெரும் மாற்றம். மத்திய இராச்சியத்தில் ஏறத்தாழ 750 குறிகள் புழக்கத்தில் இருந்தன; கி.மு. 237 இல் தொடங்கிய எட்ஃபு கோவிலிலும் தெந்தேராவிலும் எஸ்னாவிலும் அது பல ஆயிரமாகப் பெருகிவிட்டது. அன்றாட எழுத்து டெமோட்டிக்கிடமும் கிரேக்கத்திடமும் போய்விட்ட நிலையில், ஹைரோகிளிஃப் பூசாரிகளின் கைக்குள் ஒரு கல்விச் செருக்காக மாறியது. எஸ்னாவில் ஒரு துதி கிட்டத்தட்ட முழுவதும் முதலைக் குறிகளாலும், மற்றொன்று ஆட்டுக்கடாக் குறிகளாலும் எழுதப்பட்டிருக்கிறது. வரிசையாக நிற்கும் முதலைகளை வாசிக்க அந்தக் காலத்திலேயே எத்தனை பேரால் முடிந்திருக்கும் என்று தெரியவில்லை. வாசிக்கப்பட வேண்டும் என்று அவர்கள் விரும்பியதாகவும் எனக்குத் தோன்றவில்லை.

நாணல்_எழுதுகோல்:

வினவல், நீங்கள் ஒப்பிட்டவை நிழற்படங்களா, நூல்களில் அச்சிட்ட குறிகளா என்பதைக் கவனியுங்கள். அச்சிட்டவையாக இருந்தால் எல்லாக் காலத்து ஆந்தைகளும் ஒன்றாகத் தெரிவதற்கு எகிப்தியர்கள் பொறுப்பல்லர். கார்டினர் தம் இலக்கண நூலுக்காக உருவாக்கிய அச்செழுத்துகள் 18 ஆம் மரபின் தீப்ஸ் கல்லறை வடிவங்களைப் பின்பற்றியவை. 1927 முதல் பாடநூல்களின் பொது முகம் அதுவே. கணினியிலும் இதே நிலைதான். 2009 இல் யூனிகோடில் (கணினிகளுக்கான பொது எழுத்துக் குறியீட்டில்) 1,071 குறிகள் சேர்க்கப்பட்டன, 2024 இல் மேலும் 3,995 சேர்ந்தன. ஆனால் ஓர் எழுத்துருவில் ஆந்தைக்குப் பொதுவாக ஒரே உருவம்தான். உனாஸின் வாசகத்தைத் தட்டச்சு செய்தாலும் ஃபிலேயின் வாசகத்தைத் தட்டச்சு செய்தாலும் திரையில் அதே ஆந்தைதான் உட்கார்ந்திருக்கும்.

ஃபிலேயின் அந்தக் கி.பி. 394 கல்வெட்டை நிழற்படத்தில் பாருங்கள். மண்டுலிஸ் தெய்வத்தின் உருவத்தோடு எஸ்மெத்-அகோம் என்ற பூசாரி பொறித்தது. உனாஸின் சுவரில் உள்ள குறிகளின் நிதானமும் நறுவிசும் அதில் இல்லை. அவரே கூடவே டெமோட்டிக்கிலும் எழுதியிருக்கிறார். அதே தீவில் டெமோட்டிக் கி.பி. 452 வரை தொடர்ந்தது. அதன் பிறகும் ஒரு சில குறிகள் சாகவில்லை: கிரேக்க எழுத்துகளைக் கொண்டு எழுதப்பட்ட, எகிப்திய மொழியின் கடைசி வடிவமான காப்டிக்கில், கிரேக்கத்தில் இல்லாத ஒலிகளுக்கு டெமோட்டிக்கிலிருந்து சில எழுத்துகள் எடுக்கப்பட்டன. ‘ஃப’ ஒலிக்கான ஃபை என்ற எழுத்து, நீங்கள் உனாஸின் சுவரில் பார்த்த கொம்பு விரியனின் நேரடி வாரிசு. எகிப்தின் காப்டிக் திருச்சபை வழிபாட்டு நூல்களில் இன்றும் அது அச்சாகிறது.

வினவல்:

நான் ஒப்பிட்டவற்றில் பாதி அச்சு வடிவங்கள்தான். இனி நிழற்படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, முதலில் காடைக் குஞ்சும் சுருளும் எந்தெந்தச் சுவர்களில் சேர்ந்து வருகின்றன என்று தேடப்போகிறேன். புதிய இராச்சியத்துக்கு முந்திய கல்வெட்டில் சுருள் கண்ணில் பட்டால் படத்தோடு இங்கே பதிவிடுகிறேன்.